நேரடியாக ஓடும் புரோகிராம் பேட்ச் ஜாபில் மட்டும் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: ஐபிஎம்மின் வணிக இயங்குதளமான ஐபிஎம் ஐ ஓடும் எங்கள் இயந்திரத்தில் உள்ள ஒரு சிஎல் (கட்டளை மொழி) புரோகிராம், ஏழு இலக்க ஆர்டர் எண்ணையும் அறிக்கையைச் சேமிக்க வேண்டிய ஐம்பது எழுத்து ஃபோல்டர் பாதையையும் ஆர்பிஜி மொழியில் எழுதிய ஒரு புரோகிராமுக்கு அனுப்புகிறது. நேரடியாகக் கால் (CALL, அழைக்கும் கட்டளை) செய்தால் சரியாக ஓடுகிறது. அதையே எஸ்பிஎம்ஜாப் (SBMJOB, ஒரு வேலையைப் பின்னணியில் ஓட அனுப்பும் கட்டளை) மூலம் பேட்சுக்கு அனுப்பினால் எம்சிஎச்1202 பிழையோடு நின்றுவிடுகிறது. எண்ணை எடுத்துவிட்டு ஓட்டினால் நிற்பதில்லை. ஆனால் சில நாட்களில் பாதையின் வாலில் பொருளற்ற எழுத்துகள் ஒட்டிக்கொள்கின்றன. எங்கே தவறு?

பதில்: உங்கள் ஆர்பிஜி புரோகிராமில் தவறு இல்லை. இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். ஐபிஎம் ஐயின் முன்னோடியான ஏஎஸ்/400 அறிமுகமான 1988 முதல் இந்த இடத்தில் இடறாத புரோகிராமர் அரிது.

ஒரு சிஎல் புரோகிராம் இன்னொன்றை நேரடியாகக் கால் செய்யும்போது, மாறியின் மதிப்பு நகர்வதில்லை. அது நினைவகத்தில் இருக்கும் முகவரி மட்டுமே கைமாறுகிறது. ஐம்பது எழுத்து மாறியை ஐம்பது எழுத்தாகவே அடுத்த புரோகிராமும் பார்க்கிறது. எஸ்பிஎம்ஜாப் அப்படிச் செய்ய முடியாது, ஏனென்றால் புதிய ஜாப் தொடங்கும் நேரத்தில் அனுப்பிய புரோகிராம் முடிந்தே போயிருக்கலாம். ஆகவே அதன் சிஎம்டி பாராமீட்டரில் (ஓட்ட வேண்டிய கட்டளையைத் தரும் இடம்) நீங்கள் எழுதிய கால் கட்டளையில், ஒவ்வொரு மாறியின் இடத்திலும் அதன் மதிப்பை எழுத்தாகப் பதித்து, வெறும் கட்டளை வரியாக மாற்றி, ஜாப் கியூவில் (வேலைகள் காத்திருக்கும் வரிசை) வைக்கிறது. பேட்ச் ஜாபின் ஜாப் லாகை (அதன் செயல்பதிவு) திறந்தால் அந்த வரியை அப்படியே காணலாம். உங்கள் மாறி ஏழு இலக்கம், ஐம்பது எழுத்து என்று அறிவிக்கப்பட்ட செய்தி அந்த வரியில் எங்கும் இல்லை.

அறிவிப்பு தொலைந்த பிறகு, கால் கட்டளை தன் சொந்த விதியைப் பின்பற்றுகிறது. எண்ணாக எழுதப்பட்ட எதையும் அது மொத்தம் 15 இலக்கம், அதில் 5 தசமம் கொண்ட பேக்டு எண்ணாக (ஒரு பைட்டில் இரண்டு இலக்கமாகப் பொதிந்து, கடைசி அரை பைட்டில் குறி வைக்கும் வடிவம்), எட்டு பைட்டுகளில் அனுப்பும். ஆர்டர் எண் 12345 என்று கொள்வோம். நினைவகத்தில் அது 00 00 01 23 45 00 00 என ஏழு பைட்டுகளாகவும், எட்டாவதில் ஒரு பூச்சியமும் கூட்டல் குறியுமாகவும் அமர்ந்திருக்கும். உங்கள் ஆர்பிஜியோ ஏழு இலக்க பேக்டு எண்ணை, அதாவது நான்கு பைட்டுகளை மட்டும் எதிர்பார்க்கிறது. அது எடுப்பது 00 00 01 23. பேக்டு எண்ணின் கடைசி அரை பைட்டில் கூட்டல் அல்லது கழித்தல் குறி இருக்க வேண்டும். அங்கே 3 என்ற இலக்கம் நிற்கிறது. எம்சிஎச்1202 சொல்லும் தசமத் தரவுப் பிழை இதுதான்.

எழுத்துக்கு வேறு விதி. 32 எழுத்துக்குக் குறைவாக இருந்தால் வெற்றிடமிட்டு 32 வரை நிரப்பப்படும். அதற்கு மேல் நீண்டால் உள்ள நீளத்துக்கே அனுப்பப்படும். மாறியின் இறுதியில் இருந்த வெற்றிடங்கள் எழுத்தாகப் பதிக்கும்போதே உதிர்ந்துவிட்டன. இருபது எழுத்துப் பாதை 32 வரை சுத்தமாக வரும்; 33 முதல் 50 வரை உங்கள் புரோகிராம் படிப்பது நினைவகத்தில் அடுத்ததாக என்ன கிடக்கிறதோ அது. அங்கே தற்செயலாக வெற்றிடம் இருக்கும் நாட்களில் யாருக்கும் எதுவும் தெரியாது. நான் பார்த்த ஓர் இடத்தில், இந்த வாலில் அடுத்த பாராமீட்டரின் மதிப்பே வந்து ஒட்டிக்கொண்டு, பல மாதங்கள் தரவுத்தளத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் பரிந்துரைக்கும் தீர்வு, இந்த ஆர்பிஜி புரோகிராமுக்கென்று ஒரு சொந்தக் கட்டளையை உருவாக்குவது. கட்டளையின் மூலத்தில், பாராமீட்டரை அறிவிக்கும் இரண்டு பார்ம் (PARM) வரிகள் போதும்: ஒன்றில் தசம வகை, நீளம் 7, தசமம் 0, மற்றொன்றில் எழுத்து வகை, நீளம் 50. கட்டளை உருவாக்கும் சிஆர்டிசிஎம்டி (CRTCMD) மூலம் அதை உருவாக்கி, எஸ்பிஎம்ஜாபில் கால் கட்டளைக்குப் பதிலாக அதையே எழுதுங்கள். மதிப்புகள் இப்போதும் எழுத்தாகத்தான் பயணிக்கும். ஆனால் பேட்ச் ஜாபில் கட்டளை ஓடும்போது, பார்ம் வரிகளில் உள்ள அளவுக்கு ஏற்ப எண் பொதியப்பட்டு, எழுத்து ஐம்பது வரை வெற்றிடத்தால் நிரப்பப்பட்டு ஆர்பிஜிக்குப் போய்ச் சேரும். அரை மணி நேர வேலை. புதிய ஓஎஸ் வெளியீடுகளில் கால் கட்டளையிலேயே ஒவ்வொரு மதிப்புக்கும் வகையையும் நீளத்தையும் குறிப்பிடும் வசதி வந்திருக்கிறது. உங்கள் இயந்திரத்தில் கால் கட்டளைக்கு எஃப்4 அழுத்திப் பார்த்தால் அது இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இன்றிரவே ஓட வேண்டும் என்றால் ஒட்டுப்போடலாம். சிஎல்லில் பாதைக்கான மாறியை 51 எழுத்தாக அறிவித்து, 51ஆம் இடத்தில் ஒரு புள்ளியை வையுங்கள். முடிவில் வெற்றிடம் இல்லாததால் எதுவும் உதிராது, ஆர்பிஜி முதல் ஐம்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆர்டர் எண்ணை ஏழு எழுத்து மாறிக்கு மாற்றி எழுத்தாக அனுப்பி, ஆர்பிஜிக்குள் எண்ணாக்கிக்கொள்ளலாம். சிலர் ஆர்பிஜியில் பாராமீட்டரையே 15 இலக்கம், 5 தசமம் என்று மாற்றிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள்: பேட்ச் சரியாகும், ஏழு இலக்க மாறியோடு நேரடியாகக் கால் செய்யும் புரோகிராம்கள் எல்லாம் உடையும்.

சரிசெய்த பின், இருபது எழுத்துப் பாதையோடு மட்டும் சோதித்து நிறுத்திவிட வேண்டாம். சரியாக 32 எழுத்து, 33 எழுத்து, முழு ஐம்பது எழுத்து, நடுவில் வெற்றிடம் உள்ள பாதை ஆகிய நான்கையும் ஹோல்டு நிலையில் (ஓடாமல் நிறுத்திவைத்து) அனுப்பி, சர்வீஸ் ஜாபாக (வேறொரு ஜாபிலிருந்து கவனிக்கும்படி) இணைத்து, டீபக்கில் பாராமீட்டரைப் பதினாறடிமான (ஹெக்ஸ்) வடிவில் பாருங்கள். பாதை முடிந்த இடத்திலிருந்து ஐம்பதாவது பைட் வரை தொடர்ச்சியாக 40 மட்டுமே தெரிய வேண்டும். இந்த இயந்திரத்தின் எழுத்துக் குறியீட்டு முறையான எபிசிடிக்கில் வெற்றிடத்தின் குறியீடு அதுதான்.