மூன்று இலையும் ஒரு சோப்புக் கட்டியும்

மே மாதம் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி, தொட்டால் தோலில் கொப்புளம் கிளப்பும் பாய்சன் ஐவி என்ற கொடியைப் பற்றித்தான். வட கரோலினாவில் 22 ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை பார்த்தபோதும் இதே கதைதான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கவுண்டர் முன்னால் வந்து நிற்பார்கள். கோடு கோடாக ஓடும் கொப்புளத்தைப் பார்த்ததுமே, “எந்த வேலியில் கை வைத்தீர்கள்?” என்று கேட்பேன். அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அந்தக் கொடிக்கே கொடுத்துவிட்டேன்.

அக்கா, போன சனிக்கிழமை வேலியோரம் களை பிடுங்கினேன். திங்கட்கிழமை காலை இரண்டு முன்கையிலும் கொப்புளம். தூங்க முடியாத அளவுக்கு அரிப்பு. பாய்சன் ஐவி என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசலாமா? ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது. மூலிகையிலேயே குணமாக வழி சொல்லுங்கள்.
*— வாசகி, வர்ஜீனியா*

உங்கள் அவஸ்தை புரிகிறதம்மா. முதலில் நாள்கணக்கைப் பார்ப்போம். தொட்டது சனிக்கிழமை, கொப்புளம் வந்தது திங்கட்கிழமை. அந்தக் கொடியின் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் உருஷியால் என்ற பிசின் எண்ணெய் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் அரக்குப் பூச்சுக்கு ‘உருஷி’ என்று பெயர். அரக்கு மரமும் இந்தக் கொடியும் ஒரே பேரினம். இந்த எண்ணெய் தோலில் பட்ட பத்து நிமிடத்திலேயே ஏறக்குறைய பாதி ஒட்டிப் பிணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துக் கழுவினால் கொஞ்சம்தான் வரும். பிணைந்த இடத்தை உடம்பின் காவல் அணுக்கள் அந்நியமாக நினைத்துத் தாக்குகின்றன. அந்தச் சண்டைதான் உங்கள் கையில் தெரிவது. பெயரில் விஷம் இருந்தாலும் இது ஒவ்வாமை.

ஆகவே இன்றைக்கு எந்த இலையை அரைத்துப் பூசினாலும் அது எண்ணெயை இழுத்து வெளியே எடுக்காது. சண்டை தானாக ஓய இரண்டு மூன்று வாரம் ஆகும். “எங்கள் பச்சிலையில் மூன்று நாளில் போய்விட்டது” என்று யாராவது சொன்னால், எத்தனையாவது நாளில் பூசினார்கள் என்று கேளுங்கள். வற்றத் தொடங்கிய புண்ணில் எதைப் பூசினாலும் பேர் பூசினதற்குத்தான் போகும்.

அப்படியென்றால் மூலிகைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அரிப்பைத் தணிப்பதும், வடியும் நீரை வற்ற வைப்பதும், ராத்திரி உங்களைத் தூங்க விடுவதும் அதன் வேலை.

நான் முதலில் கை வைப்பது ஓட்ஸில். சர்க்கரை, வாசனை எதுவும் சேராத வெறும் ஓட்ஸ் ஒரு கோப்பை எடுத்து மிக்ஸியில் மாவாகப் பொடியுங்கள். போதுமான அளவு பொடிந்ததா என்று பார்க்க, ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் பால்போல வெளுத்து, அடியில் உடனே படியாமல் நின்றால் சரி. குருணையாக அடியில் தங்கினால் இன்னொரு சுற்று ஓட்டுங்கள். இதை வெதுவெதுப்பான தொட்டி நீரில் தூவிக் கலக்கி, பதினைந்து நிமிடம் கையை மூழ்க வைத்திருங்கள். எழும்போது தொட்டி வழுக்கும், பிடித்துக்கொண்டு எழுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மெல்லிய மாவுப் படலம் ஒன்று தோலில் நிற்கும், அதைக் கழுவ வேண்டாம். இப்படிப் பொடித்த ஓட்ஸைத் தோலைக் காக்கும் பொருள்களில் ஒன்றாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003-இல் ஏற்றுக்கொண்டது.

பகலில் அரிப்பு கிளம்பும்போது சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பதினைந்து நிமிடம் போட்டு வையுங்கள். இதைவிட எளிய மருந்து எனக்குத் தெரியாது. கொப்புளம் உடைந்து நீர் வடிந்தால் விட்ச் ஹேசல் வடிநீரில் பஞ்சை நனைத்து ஒற்றலாம். இந்த நாட்டின் பூர்வகுடிகள் தோலுக்குப் பயன்படுத்திவந்த புதர்ச் செடி அது. அதில் உள்ள துவர்ப்புச் சத்து ஈரத்தை வற்ற வைக்கும். ஆல்கஹால் சேர்ந்த புட்டி என்றால் புண்ணில் சுரீரென்று எரியும், பார்த்து வாங்குங்கள். கலமைன் கரைசலும் இதே வேலையைத்தான் செய்கிறது. கற்றாழை பூசலாம். ஆனால் மடலை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடியுமே, அது எரிச்சல் தரக்கூடியது. மடலை நிமிர்த்தி வைத்து அந்தப் பால் முழுக்க வடிந்த பிறகு, கழுவி, நடுவில் உள்ள நுங்கு போன்ற பகுதியை மட்டும் எடுங்கள்.

மஞ்சளும் வேப்பிலையும் இப்போது வேண்டாம். அவற்றின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் தோலில், வீட்டில் அரைத்த விழுதைப் பூசினால் கிருமி சேர வழியாகும். மஞ்சள் நிறம் ஏறிவிட்டால் சுற்றிலும் சிவப்பு பரவுகிறதா என்றுகூடப் பார்க்க முடியாது. அப்படிப் பூசி, உள்ளே சீழ் கோத்திருந்ததை நான்கு நாள் கவனிக்காமல் விட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீராய்டு பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சீட்டில்லாமல் கிடைக்கும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு மென்மையானது. உங்களுக்கு இருப்பது போன்ற கொப்புளத்தில் பெரிதாக எதுவும் செய்யாது. முகம், கண், பிறப்புறுப்பு பக்கம் வந்தாலோ, உடம்பில் பரவலாக இருந்தாலோ, காய்ச்சல், சீழ் இருந்தாலோ டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 911. டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால், எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். இந்த ஒவ்வாமைக்குப் படிப்படியாகக் குறைத்து இரண்டு மூன்று வாரம் கொடுப்பதே வழக்கம். ஆறு நாள் அட்டையோடு நிறுத்தினால் அடங்கியது திரும்பக் கிளம்பிவிடும். இப்படி ஆறாம் நாள் சிரித்துவிட்டுப் போய் ஒன்பதாம் நாள் அழுதுகொண்டே வந்தவர்கள் என் கவுண்டரில் நிறைய.

பாய்சன் ஐவி முளைக்கும் இடத்திலேயே அதற்கான மருந்துச் செடியும் முளைக்கும் என்கிறார்களே? ஓடைக்கரையில் ஜுவல்வீட் என்ற செடியைக் காட்டினார்கள். அதன் சாறு கைகண்ட மருந்தாமே?
*— வாசகர், பென்சில்வேனியா*

உங்களுக்கு அந்தச் செடி புதிதல்ல. நம் காசித்தும்பைக்கு உடன்பிறப்பு அது. ஆரஞ்சு நிறத்தில் குட்டிச் செருப்புப்போல் பூ தொங்கும். காயைத் தொட்டால் டப்பென்று வெடித்து விதை தெறிக்குமே, அதே குணம் இதற்கும் உண்டு. இலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பாருங்கள், வெள்ளித் தகடுபோல் மினுங்கும். எனக்கு மிகவும் பிடித்த செடி.

தண்டை ஒடித்தால் நீர்த்த சாறு வழியும், தோலில் பட்டால் குளிர்ச்சியாக இருக்கும். இந்தப் பகுதிப் பூர்வகுடிகள் தோல் நோவுக்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அனுபவத்தை நான் தள்ளிவிடமாட்டேன். ஆனால் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1997-இல் வெளியான ஒரு சோதனையில் ஜுவல்வீட் சாற்றைப் பூசிய இடத்துக்கும் வெறும் தண்ணீர் பூசிய இடத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2012-இல் வந்த ஆய்வில் ஜுவல்வீட், காசித்தும்பை இரண்டையும், மருதாணிக்கு நிறம் கொடுக்கும் லாசோன் என்ற பொருளையும் சேர்த்தே பார்த்தார்கள். எண்ணெய் பட்டவுடன் செடியை நசுக்கித் தேய்த்தபோது தடிப்பு குறைந்தது. ஆனால் சோப்புப் போட்டுக் கழுவியது அதைவிட நன்றாக வேலை செய்தது. லாசோனால் பயன் இல்லை. செடியில் இயற்கையாக உள்ள நுரைச் சத்துதான் எண்ணெயைக் கழற்றியிருக்க வேண்டும் என்பது அதன்பின் வந்த விளக்கம்.

இதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: காட்டுக்குள் நடக்கிறீர்கள், கொடி உரசிவிட்டது, சோப்பும் தண்ணீரும் பக்கத்தில் இல்லை. அப்போது ஜுவல்வீட் தண்டை நசுக்கித் தேய்த்துக்கொள்ளுங்கள், உதவும். வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரண்டு நாள் கழித்துக் கொப்புளத்தின் மேல் பூசினால் குளிர்ச்சி கிடைக்கும், அவ்வளவுதான்.

கழுவுவதிலும் ஒரு முறை இருக்கிறது. காரின் மசகெண்ணெய் கையில் பட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரைக் காட்டினால் போகுமா? பாத்திரம் கழுவும் திரவ சோப்பை ஊற்றி, துணியால் ஒரே திசையில் அழுத்தித் துடைத்து, குளிர்ந்த தண்ணீரை நிறைய விடுங்கள். இரண்டு மூன்று முறை செய்யுங்கள். நகக்கண்ணை விட்டுவிடாதீர்கள்.

என் மகனுக்கு முதல் நாள் கையில் வந்தது, மூன்றாம் நாள் வயிற்றில் வந்திருக்கிறது. கொப்புளத் தண்ணீர் பட்டுப் பரவுகிறதா? தம்பியைத் தனியாகப் படுக்க வைக்க வேண்டுமா?
*— வாசகி, ஓஹையோ*

வேண்டாம். கொப்புள நீரில் உருஷியால் கிடையாது, அது உடம்பிலிருந்து வரும் நீர். எண்ணெய் அதிகம் பட்ட இடமும் தோல் மெல்லிய இடமும் முதலில் காட்டும். மற்றவை பின்னால் காட்டும். பரவுவதுபோல் தோன்றுவது அதனால்தான். முதல் முறை தொட்டவர்களுக்கு வெளியே தெரிய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம்.

ஆனால் கழுவாத எண்ணெய் வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு வசந்தத்தில் என் கணவர் ஓக் மரத்தில் ஏறியிருந்த கொடியை வெட்டிவிட்டு, கை கால் எல்லாம் நன்றாகக் கழுவினார். ஒன்றும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து ரோஜாச் செடிக்குத் தண்டு நறுக்க நான் அதே தோல் கையுறையைப் போட்டேன். மறுநாள் ராத்திரி என் மணிக்கட்டைச் சுற்றி வளையல் மாட்டியதுபோல் கொப்புளம், கையுறையின் விளிம்பு பட்ட இடத்தில் மட்டும். மருந்தாளுநராக ஆயிரம் பேருக்குச் சொன்ன விஷயம்தான், எனக்குக் கையுறை நினைவுக்கு வரவில்லை. இந்த எண்ணெய் பொருள்களின் மேல் ஆண்டுக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். மகனின் ஷூ லேஸ், பை வார், சைக்கிள் பிடி எல்லாவற்றையும் சோப்புத் துணியால் துடையுங்கள். உடைகளைத் தனியாகத் துவையுங்கள்.

எலுமிச்சைச் சாறு, பூண்டு, வினிகர் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் உடம்பு பழகிவிடும் என்றும் ஒருவர் சொன்னார். உண்மையா?
*— வாசகர், ஜார்ஜியா*

கையெடுத்துக் கும்பிடுகிறேன், அந்த இலையை வாயில் வைக்காதீர்கள். கையில் வரும் கொப்புளம் வாயிலும் தொண்டையிலும் குடலிலும் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வெட்டிய கொடியை எரிக்கவும் கூடாது. புகையில் கலந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து.

எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்ததுபோல் கருத்துக் கொப்பளிக்கும். பச்சைப் பூண்டை வைத்துக் கட்டினால் தீக்காயம் மாதிரி புண் வரும். வினிகர் உடைந்த தோலை அரிக்கும். டீ ட்ரீ எண்ணெய்க்கே ஒவ்வாமை உள்ளவர்கள் பலர். இவை எல்லாமே இயற்கைப் பொருள்கள்தான். பாய்சன் ஐவியும் இயற்கைதான்.

கொடியை எப்படி அடையாளம் காண்பது? மாம்பழத் தோல் பட்டால் எனக்கு உதடு தடிக்கும். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
*— வாசகி, நியூ ஜெர்சி*

உண்டு. மா, முந்திரி, சேங்கொட்டை, பாய்சன் ஐவி எல்லாம் ஒரே குடும்பம். மாங்காய்ப் பாலிலும் தோலிலும் உருஷியாலுக்கு நெருங்கிய பொருள்கள் இருக்கின்றன. ஒன்றுக்குத் தடிப்பவர்களுக்கு இன்னொன்றுக்கும் தடிக்கலாம். நீங்கள் கூடுதல் கவனமாக இருங்கள்.

ஒரு காம்பில் மூன்று சிற்றிலை, நடு இலைக்கு மட்டும் நீண்ட காம்பு, தண்டில் முள் இருக்காது. மூன்று இலை இருந்து முள்ளும் இருந்தால் அது பெர்ரிப் புதராக இருக்கும். ஐந்து இலை என்றால் அது வர்ஜீனியா க்ரீப்பர் என்ற வேறு கொடி. மரத்தில் ஏறிய பழைய கொடி கம்பளிக் கயிறுபோல் ரோமம் அடர்ந்திருக்கும். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் அதுதான் அடையாளம், அப்போதும் எண்ணெய் உண்டு.

சந்தேகம் தீராவிட்டால், பிளாஸ்டிக் கையுறை போட்டு ஒரு இலையை வெள்ளைத் தாளில் மடித்துக் கல்லால் நசுக்குங்கள். பாய்சன் ஐவி என்றால் பத்து நிமிடத்தில் சாறு பட்ட இடம் பழுப்பாகும், மறுநாள் அரக்குப் பூசியதுபோல் கருப்பாகிவிடும். தாளையும் கையுறையையும் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

எங்கள் நாய் அந்தப் புதரில்தான் புரளுகிறது. அதற்கு என்ன மருந்து?
*— வாசகர், மேரிலாந்து*

நாய்க்குப் பெரும்பாலும் எதுவும் ஆகாது, ரோமம் காத்துவிடும். எண்ணெய் அந்த ரோமத்திலிருந்து உங்கள் கைக்கும் கன்னத்துக்கும் வரும். நீளமான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நாய் ஷாம்பூவால் குளிப்பாட்டுங்கள். கழுத்துப் பட்டையையும் சங்கிலியையும் சேர்த்துக் கழுவுங்கள்.