மேலுள்ள எஸ்டேட்காரர் ஓடையை மறித்துத் தண்ணீர் விற்கலாமா?

குன்னூரை ஒட்டிய சரிவில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: மேலேயுள்ள எஸ்டேட்டின் வழியாக வரும் ஓடையைத் தடுப்பு கட்டித் தேக்கி, விடுதிகளுக்கு லாரியில் விற்கிறார்கள், கீழே இருப்பவர்களுக்கு ஓடையும் வற்றிவிட்டது, கோடையில் நகராட்சிக் குழாயிலும் பல நாள்களுக்கு ஒருமுறைதான் நீர் வருகிறது, சட்டம் யார் பக்கம்?

நானும் இதே மலையில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருப்பவன் என்பதால் இதைச் சற்று விரிவாகப் படித்திருக்கிறேன். ஈஸ்மென்ட் சட்டம் (வழி, நீர் போன்ற நிலம் சார்ந்த பயன்பாட்டு உரிமைகளுக்கான சட்டம்) என்று வழக்கறிஞர்கள் சொல்லும் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஓடைக்கரை நிலத்துக்காரர் குடிப்பதற்கும் வீட்டுத் தேவைக்கும் கால்நடைகளுக்கும் அந்நீரைப் பயன்படுத்தலாம் என்றும், கீழே உள்ளவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு நேராத அளவில் அந்நிலத்தின் பாசனத்துக்கும் அங்குள்ள ஆலைக்கும் எடுக்கலாம் என்றும் கூறுகிறது. லாரியில் ஏற்றி வேறிடத்துக்கு விற்பது இந்தப் பட்டியலில் இல்லை. அதோடு, இயற்கை ஓடையின் நீர் குறிப்பிடத்தக்க அளவில் குறையாமலும் திசை மாறாமலும் தன் நிலத்துக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்கும் உரிமை, ஓடை கடந்துசெல்லும் கீழ்நிலத்துக்காரருக்கும் உண்டு. வரையறுத்த வழியில் ஓடாமல் மண்ணுக்கடியில் கசியும் நீர் மட்டும் வேறு கணக்கு. அதை நிலத்துக்காரர் தம் எல்லைக்குள் சேகரித்துக்கொள்ளலாம். ஆகவே எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது, அது ஓடையே அன்று, தம் நிலத்து ஊற்று என்பதுதான்.

இதற்கு விடை வருவாய்த் துறை ஆவணத்தில் இருக்கிறது. புலப்படத்திலும் (நில அளவை வரைபடம்) 'அ' பதிவேட்டிலும் (ஒவ்வொரு புல எண்ணின் வகையையும் உரிமையையும் காட்டும் கிராமப் பதிவேடு) அது ஓடைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால், தனியார் உரிமை வாதம் பெரும்பாலும் அங்கேயே அடிபட்டுப்போகும். ஏனெனில் தனியாருக்குச் சொந்தமென நிறுவப்படாத ஓடைப் படுகைகளும் ஓடும் நீரும் அரசின் சொத்து என்று 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் அறிவித்திருக்கிறது. ஓடும் நீரை அரசு மக்களின் சார்பில் அறங்காவலராகவே வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் கமல்நாத் வழக்கில் (ஒரு விடுதிக்காக பியாஸ் ஆற்றின் போக்கை மாற்றியது பற்றியது) 1996-இல் ஏற்றதும் உங்களுக்குத் துணை நிற்கும்.

நகராட்சியின் பொறுப்பு தனி. குடிநீர் வழங்கல், அரசமைப்பின் 12-ஆவது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளின் பணிகளுள் ஒன்று. ஆனால் இத்தனை நாளுக்கு ஒருமுறை தர வேண்டும் என்று அந்த அட்டவணை சொல்வதில்லை. நீர்ச் சிக்கனத்தைப் பொறுத்தவரை நம் சட்டம் மெலிந்தது என்பதே என் கருத்து. 2003-இல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தை மாநில அரசே 2013-இல் நீக்கிவிட்டது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்றாலும், செங்குத்துச் சரிவில் உறிஞ்சுகுழி வெட்டி நீரை மண்ணுக்குள் இறக்குவது மண்சரிவுக்கு வழிவிடக்கூடும். இங்கே கூரைநீரைத் தொட்டியில் பிடிப்பதே உகந்தது. (விடுதிகளுக்கு மீட்டர் வைத்து அளவுக்கேற்பக் கட்டணம் வாங்கினாலே லாரி வியாபாரம் பாதி குறையும் என்பது என் ஊகம்.)

ஆகவே முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் புலப்பட நகலும் 'அ' பதிவேட்டு நகலும் வாங்குங்கள். தடுப்பையும் லாரிகளையும் தேதி தெரியும்படி படமெடுத்து இணைத்து, கீழ்ச்சரிவுக் குடும்பங்கள் எல்லோரும் கையெழுத்திட்டு, கோட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனுக் கொடுங்கள். அந்தத் தடுப்புக்கும் விற்பனைக்கும் அனுமதி தரப்பட்டுள்ளதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனியே கேளுங்கள். உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கோர நேர்ந்தால், வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது இந்தத் தாள்களைத்தான்.