கடைசிப் பாட்டில் மட்டும் ஏன் கரகரப்பு?

கேள்வி: 'தி ஹூ' ராக் இசைக்குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்' இசைத்தட்டு, பக்கம் முடியும்போது மட்டும் கரகரக்கிறது. தட்டு தேய்ந்துவிட்டதா?

பதில்: அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அதற்குள் விளிம்பில் முள் சுமார் 90 செ.மீ. ஓடும்; லேபிள் அருகே 40 செ.மீ.தான். ஒலி அங்கே நெருக்கிப் பதிந்திருப்பதால் முள் தடுமாறும். ஆவேசமான வாசிப்பில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும்.

முள்ளைப் பின்னாலிருந்து முன்னாகத் துடையுங்கள். பிறகு கோணம் பார்க்கும் கோடுகள் போட்ட அளவு அட்டையை வைத்து, மையத்திலிருந்து 66, 121 மி.மீ. புள்ளிகளில் கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கும் தலைப்பகுதி) கோணாமல் நிற்கிறதா பாருங்கள். தட்டைக் காப்பாற்றுவதாக நினைத்து முள் தட்டில் அழுந்தும் எடையைக் குறைக்காதீர்கள். துள்ளும் முள்தான் பள்ளத்தைக் கெடுக்கும். கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன எடையே சரி.

ஆனால் இடையிடையே 'டிக்' என்று வெடிக்கும் சத்தம் வேறு. அது மூலநாடாவிலேயே உண்டு. திருத்த வேண்டாம் என்று 1970 பதிப்பின் லேபிளிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள்.