பிளான் வரையும் முன் காற்றைக் கேளுங்கள்: ராமநாதபுரம் கடலோர வீட்டுக் கேள்விகள்

கேள்வி (கீழக்கரை): ஐந்து சென்ட் மனை. மூத்த மகளுக்குக் கல்யாணமானதும் வீடு அவளுக்குத்தான். நடுவில் முற்றம் வைக்க எனக்கு ஆசை. "இடம் வீண்" என்கிறான் துபாயில் இருக்கும் மகன். என்ன செய்வது?

பதில்: முற்றம் வையுங்கள் அம்மா. உங்கள் மனை 2,178 சதுர அடி. எட்டுக்கு எட்டு முற்றம் வைத்தால் போவது 64 சதுர அடிதான். அறைகள் முற்றத்தைப் பார்த்தே திறப்பதால் தனியாகப் பாசேஜ் தேவைப்படாது. மகன் அனுப்பியிருக்கும் பிளானில் பாசேஜ் எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அவரே ஒப்புக்கொள்வார்.

உங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. பக்கவாட்டு ஜன்னலை நம்ப முடியாது. கடல் உங்களுக்குத் தெற்கே. மதியத்துக்கு மேல் அங்கிருந்து காற்று ஏறும். தெற்கு ஜன்னலில் நுழைந்த காற்று வெளியேற வழியில்லை என்றால் அது உள்ளே வரவே வராது. அந்த வழிதான் முற்றம். மேலே ஷீட் போடுவதாக இருந்தால் ஒன்றரை அடி உயர்த்தி, நாலு பக்கமும் திறந்து விடுங்கள். ஒட்டி மூடினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். முற்றத்துத் தரை மற்ற அறைகளைவிட அரை அடி தாழ்வாக இருக்கட்டும்.

மாடிப்படியை வெளியில் வைத்துவிடுங்கள். பின்னாளில் இளைய மகளுக்கு மாடியில் வீடு எடுக்கும்போது கீழ்வீட்டை இடிக்க வேண்டியிருக்காது.

கேள்வி (தங்கச்சிமடம்): மூன்று சென்ட். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மூன்று பிளான் காட்டினார்கள். மூன்றிலும் கார் நிறுத்த இடம் இருக்கிறது, வலை வைக்க இடமில்லை.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் வருத்தமாக இருந்தது அக்கா. இந்தக் கரையில் வீடு வரைகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியையே கேட்காமல் விட்டிருக்கிறார்கள். கார் இடத்தை அடித்துவிட்டு, அதே அளவை வீட்டின் பின்பக்கம் கொட்டகையாகக் கேளுங்கள். வலை, மிதவை, ஐஸ்பெட்டி எல்லாம் அங்கே இருக்கட்டும். அதை ஒட்டி ஒரு குளியலறை, அதற்கு இரண்டு கதவு. ஒன்று கொட்டகைப் பக்கம், மற்றது வீட்டுக்குள். கடலிலிருந்து வந்தவர் உப்பையும் மணலையும் கழுவிவிட்டு மறு கதவு வழியே உள்ளே வரலாம். அங்கே இரண்டு குழாய் வையுங்கள், முதல் அலசலுக்கு போர் தண்ணீர், கடைசியில் நல்ல தண்ணீர். இதற்கு மாடியில் இரண்டு டேங்க் வேண்டும். டேங்க் பாரத்தைக் கணக்கில் எடுக்கும்படி இப்போதே சொல்லிவிடுங்கள்.

நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் மழைநீர்த் தொட்டியும் பிளானில் இருக்க வேண்டிய ஒன்றுதான், வீடு முடிந்தபின் யோசிப்பது அல்ல. 800 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 1,900 லிட்டர் விழும். சிந்தியது போக 1,500 லிட்டர் கைக்கு வரும். எட்டடி நீளம், ஆறடி அகலம், ஐந்தடி ஆழம் தோண்டினால் ஆறாயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள், மாடியில் படிந்த உப்பும் தூசியும் அதோடு போகும். செப்டிக் டேங்க் மனையின் எதிர் மூலையில் இருக்கட்டும்.

கேள்வி (தேவிபட்டினம்): சமையலறை அக்னி மூலையில்தான், அதாவது தென்கிழக்கில்தான் என்கிறார் அப்பா. வடகிழக்கில் வைத்தால் கடல் தெரியும் என்கிறாள் மனைவி.

பதில்: இதில் நான் அப்பா பக்கம். நம் கரையில் வருஷத்தின் பெரிய காற்றுகள் இரண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான், ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடை. இரண்டும் வீட்டை மூலைக்கு மூலை குறுக்காகக் கடக்கின்றன. தென்கிழக்கு மூலை இரண்டுக்கும் ஒதுங்கி நிற்பதால் புகையும் தாளிப்பு நெடியும் வீட்டுக்குள் திரும்பாது. கழிவறைக்கு வடமேற்கு மூலை பொருந்துவதும் இதே காரணத்தால்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்களுக்குக் கடல் கிழக்கே, அதனால் மதியக் காற்றும் கிழக்கிலிருந்து வரும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கிழக்குச் சுவரில் வைக்காதீர்கள், தெற்குச் சுவரில் வையுங்கள்.

வடகிழக்கில் பெரிய ஜன்னல் வைக்கும் ஆசை எனக்கும் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் மண்டபத்தில் ஒரு வீட்டுக்கு அப்படித்தான் வரைந்தேன். கார்த்திகை மழை சாய்ந்தடித்து ஹால் முழுக்கத் தண்ணீர். அந்தம்மா கோணியை விரித்து ஒத்தியெடுத்ததை இன்னும் மறக்கவில்லை. அந்தப் பக்கம் ஜன்னல் சிறியதாக இருக்கட்டும், சன்ஷேடு இரண்டடிக்குக் குறைய வேண்டாம்.

கேள்வி (தொண்டி): பத்து வருஷ வீட்டில் சீலிங் பெயர்ந்து கம்பி தெரிகிறது. புது வீட்டில் இதைத் தவிர்க்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் பிளானோடு ஸ்பெசிஃபிகேஷனும் (எந்தப் பொருள், என்ன தரம் என்ற விவரம்) எழுத்தில் வாங்குங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அது கடலோரச் சூழலுக்கு எம்30 கான்கிரீட் (எண் கூடினால் பலம் கூடும்), கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) என்று சொல்கிறது. எம்20-யும் முக்கால் அங்குல கவர் பிளாக்கும் இங்கே ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போர் தண்ணீரைச் சோதிக்காமல் கலவையில் ஊற்றவிடாதீர்கள், கியூரிங்குக்கும் (கான்கிரீட்டை நனைத்து வைப்பதற்கும்) அதை விடாதீர்கள். பிளானிலும் செய்ய ஒன்று உண்டு. கடல் பார்த்த பக்கம் பால்கனி, வளைவு, தொங்கும் டிசைன் என்று எதையும் வைக்காதீர்கள். மெல்லிய கான்கிரீட்டைத்தான் உப்பு முதலில் பிடிக்கும்.

கேள்வி (வாலிநோக்கம்): கடலை ஒட்டி மனை மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, கிராமப்புறங்களில் உச்ச அலைக்கோட்டிலிருந்து (கடல் நீர் கரையில் ஏறும் மேல் எல்லை) 50 அல்லது 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டத் தடை உண்டு. எந்த அளவு என்பது ஊரின் மக்கள் நெருக்கத்தைப் பொறுத்தது. சர்வே எண்ணை வைத்து அதைத் தெரிந்துகொண்டு பிறகு பேசுங்கள்.

கேள்வி (உச்சிப்புளி): தாளில் பார்த்தால் அறை அளவு பிடிபடவே இல்லை.

பதில்: பலருக்கும் அப்படித்தான். மனையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்புப் பொடியால் பிளானைத் தரையிலேயே போடச் சொல்லுங்கள். வீட்டுக் கட்டிலைத் தூக்கிவந்து படுக்கையறைக் கோட்டுக்குள் போட்டுப் பாருங்கள். உங்கள் அம்மா நடமாடும் வழி மூன்றடி இருக்கிறதா, ராத்திரி அவர் கழிவறைக்கு எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று நடந்து பாருங்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு மறுபடி போய், ஜன்னல் வரப்போகும் இடத்தில் ஒரு துண்டைப் பிடித்து நில்லுங்கள். துண்டு அசையவில்லை என்றால் ஜன்னலை மாற்றச் சொல்லுங்கள்.