வக்கீல்கள் தினசரி வேலையில் என்னென்ன தொழில்நுட்பம் பயன்படுத்துகிறார்கள்?

மாவட்ட நீதிமன்றத்தில் பெரும்பாலும் சிவில் வழக்குகள் நடத்துகிறவன் நான். என் அனுபவத்தில் முக்கால்வாசி வேலை போனிலேயே முடிகிறது. ஏஐ வாதாடப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. முன்சீப் கோர்ட் வராந்தாவில் வந்து பாருங்கள், ஆளாளுக்கு இ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்து அடுத்த வாய்தா என்றைக்கு என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 16 இலக்கத்தில் சிஎன்ஆர் எண் என்று ஒரு தனி அடையாள எண் உண்டு. அதைப் போட்டால் வழக்கின் நிலவரம் வந்துவிடும். கட்சிக்காரர்களும் பார்க்கலாம். பார்த்துவிட்டும் நமக்குப் போன் போடுவார்கள், அது வேறு கதை.

நிலத் தகராறு என்றால் பட்டாவையும் வில்லங்கத்தையும் முதலில் இணையத்திலேயே பார்த்துவிடுவேன். ரொம்பப் பழைய ஆவணங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகப் படி ஏறத்தான் வேண்டும்.

உண்மையில் எங்கள் தொழிலை மாற்றியது வாட்ஸ்அப்தான், அதுவும் சாட்சியமாக. கைமாற்றாகப் பணம் கொடுத்தவர் ஸ்கிரீன்ஷாட்டைக் கலரில் பிரின்ட் போட்டு எடுத்து வருவார். "அடுத்த மாசம் தந்துடறேன்" என்று எதிராளி எழுதியிருப்பான். மேலே பெயர் இருக்கும் இடத்தில் "420 ஏமாத்துக்காரன்" என்று இருக்கும். அது இவரே போனில் சேமித்து வைத்த பெயர்! நம்பர் எங்குமே இல்லை. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது ஒன்றே போதும்.

இன்னொரு சிக்கல், இப்படிப்பட்ட மின்னணு ஆதாரத்தோடு கொடுக்க வேண்டிய சான்றிதழ். முன்பு சாட்சியச் சட்டம் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவு. இப்போது சான்றிதழில் இரண்டு பகுதி. ஒன்றில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்து, இன்னொன்றில் நிபுணர் கையெழுத்து. கோப்பின் கைரேகை மாதிரியான ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். சின்ன ஊரில் அந்த நிபுணருக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், நாங்களும் அலைந்துகொண்டுதான் இருக்கிறோம்.

போனையே கோர்ட்டில் கொடுத்துவிட்டால்? 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மூலக் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டேறி நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை என்றது. பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு அது. ஆனால் வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கும் போனைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: உரையாடலில் ஒன்றையும் அழிக்காதீர்கள், மெசேஜ் தானாக மறையும் வசதி போட்டிருந்தால் இப்போதே நிறுத்துங்கள், வழக்கு முடியும்வரை அந்தப் போனை மாற்றாதீர்கள். சரி சார் என்று தலையாட்டுவார்கள். அப்புறம் தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் அந்தப் போனையே கொடுத்துவிட்டுப் புதுப் போனோடு வந்து நிற்பவர்களும் உண்டு.