தெருவில் குப்பைமேடாகக் கிடக்கும் காலி இடத்தைப் பறவையும் பூச்சியும் வாழும் இடமாக மாற்ற முடியுமா?

முடியும். சென்னை கோட்டூர்புரத்தில் அடையாற்றை ஒட்டிக் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை 2006-இல் 'நிழல்' என்ற மர ஆர்வலர் அமைப்பினர் கையிலெடுத்து மரப்பூங்கா ஆக்கினார்கள். ஆனால் நீங்கள் முதல் நாளே ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள். நாங்கள் கூப்பிட்டோம், அதனால் சொல்கிறேன்.

எங்களுடையது முப்பது சென்ட் ஓ.எஸ்.ஆர். இடம், அதாவது மனைப்பிரிவில் திறந்தவெளியாக ஒதுக்கிய இடம். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் தெரு இடமும் அப்படிப்பட்டதா என்று முதலில் பாருங்கள். ஆமென்றால் அனுமதி கேட்க வேண்டியது அந்த உள்ளாட்சியிடம்தான்.

ஜேசிபி ஒரே காலையில் சீமைக்கருவேலம், எருக்கு, தும்பை என்று எல்லாவற்றையும் வழித்துவிட்டது. மைதானம் மாதிரி இருந்தது, எங்களுக்கும் பெருமைதான். அடுத்த வாரமே யாரோ இடித்த வீட்டுக் கல்லையும் மண்ணையும் ஒரு லோடு கொட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் தெரிந்தது, தினமும் பார்த்த ஆரஞ்சு நிற வெந்தய வரியன் பட்டாம்பூச்சிகள் முட்டையிட்டதே அந்த எருக்கில்தான் என்று.

இரண்டாம் முறை சீமைக்கருவேலத்தை மட்டும் வேரோடு எடுத்தோம். எருக்கு தானாகவே முளைத்து வந்தது. அதன் இலையடியில் உட்கார்ந்து பாருங்கள்: கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட புழு, முதலில் இலையை வட்டமாகக் கடித்துப் பால் வரத்தை அறுத்துவிட்டு, அப்புறம்தான் நிதானமாகத் தின்னும். கறிவேப்பிலையும் நாரத்தையும் நட்டோம், கறிவேப்பிலை அழகிப் பட்டாம்பூச்சி வந்தது. சருகை எரிக்காமல் மூலையில் குவித்தோம், அரணை வந்தது. இப்போது எல்லோரும் மியாவாக்கி என்கிறார்கள், மரங்களை நெருக்கமாக நட்டுக் குட்டிக்காடு வளர்க்கும் முறை. தப்பில்லை, ஆனால் சின்ன இடத்தில் நெருக்கி நட்டால் வெயில் விழாது, பட்டாம்பூச்சிக்கு வெயில் வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி வைத்ததும் எதிர்வீட்டு மாமி கொசு வரும் என்று சண்டைக்கு வந்தார். நியாயம்தான். வாரம் இருமுறை கவிழ்த்துத் தேய்த்து நிரப்புகிறோம், கொசுப்புழு கொசுவாக மாற அவகாசமே கிடைக்காது.

போன மாதம் ஒரு சாரைப்பாம்பு தென்பட்டது. உடனே வாட்ஸ்அப் குழுவில் "மறுபடியும் ஜேசிபி" என்று குரல். பேசிப் பேசி, நடைபாதை ஓரம் ஆறடிக்குப் புல் வெட்டுவது, உள்ளே கை வைப்பதில்லை என்று முடிவானது. அந்த ஆறடியை வெட்டுவது என் முறை, ஞாயிறு காலை.