அலகில் இரையோடு இருபது நிமிடம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு மாதமாக வீட்டுத் தோட்டத்திலும், ஞாயிறு காலையில் குழுவாகப் போகும் நடைகளிலும் பறவைகளைப் படம் எடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பது 70–300 ஜூம் லென்ஸ். படங்கள் கூர்மையாக வருவதே இல்லை. இன்னும் தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா? எங்கள் தோட்டத்துச் செடி ஒன்றில் தையல்சிட்டு கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கிறது. மறைத்துக்கொண்டிருந்த இரண்டு இலைகளை மட்டும் கிள்ளிவிட்டு, ஆறடி தூரத்தில் நாற்காலி போட்டு எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். அலகில் புழுவோடு இருபது நிமிடம் அங்கேயே நின்று அழகாகப் போஸ் கொடுத்தது! கூட்டில் படம் எடுக்கக் கூடாது என்று குழுவில் ஒருவர் சண்டைக்கு வந்தார். அந்தக் காலத்துப் பெரிய கலைஞர்கள் எல்லோரும் கூட்டில்தானே எடுத்தார்கள்? பறவையின் குரலை போனில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதைப் பற்றியும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

எஸ்.

*

அன்புள்ள தம்பி எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் பழைய பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். வேண்டாத படங்களைக் கழிக்கலாம் என்று எடுத்தது. அதில் ஓர் உறையை மட்டும் கழிக்கவும் முடியாமல் திரும்ப உள்ளே வைக்கவும் முடியாமல் இரண்டு நாளாக மேஜை மேலேயே கிடந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் தையல்சிட்டு வந்து நிற்கிறது. அதனால்தான் இந்தப் பதில் நீளமாகப் போகப்போகிறது.

முதலில் லென்ஸ் விஷயத்தை முடித்துவிடுகிறேன். கூர்மை வராததற்கு 300 காரணமாக இருக்காது. ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் கீழே விடாதீர்கள், அதற்காக ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) ஏறினால் ஏறட்டும், புள்ளி தட்டிய படத்தைச் சரிசெய்யலாம், அசைந்த படத்தை எதுவும் செய்ய முடியாது. பறவையின் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். வெயில் ஏறிய பிறகு தூரத்தில் இருப்பதை எடுக்காதீர்கள், நடுவில் இருக்கும் சூடான காற்றே படத்தைக் குழப்பிவிடும், அங்கே 600 வைத்தாலும் கலங்கல்தான் பெரிதாகத் தெரியும். காலை முதல் இரண்டு மணி நேரம் போதும். சரி, லென்ஸ் அவ்வளவுதான்.

குரலை ஒலிக்கவிடுவது வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்பறவை தன் இடத்துக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியோடு மல்லுக்கு நிற்கும். குழுவில் பத்துப் பேர் ஆளுக்கொரு தடவை ஒலிக்கவிட்டால் அதன் காலைப்பொழுது முழுவதும் போயிற்று. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். ‘போஸ் கொடுத்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, தம்பி. படத்தை முழு அளவில் திறந்து பாருங்கள். இறகுகள் உடம்போடு ஒட்டிப் படிந்திருக்கின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும் சிட்டு பஞ்சு உருண்டை மாதிரி தளர்ந்திருக்கும், இது ஒடுங்கிக் கழுத்தை நீட்டி நிற்கிறது. கால் மடங்கியிருக்கிறது, உடம்பு முன்னால் சாய்ந்திருக்கிறது, அடுத்த நொடி பறப்பதற்கான நிலை அது. முகம் பக்கவாட்டில் இருப்பதால் அது வேறு எங்கோ பார்ப்பதாக உங்களுக்குத் தோன்றியிருக்கும். சிட்டுகளுக்குக் கண்கள் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன, ஒன்றை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் பக்கவாட்டில் திரும்பி ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கும். அந்த இருபது நிமிடமும் அது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்தப் புழு. குஞ்சு வைத்திருக்கும் சிட்டு இரையை அலகில் வைத்துக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் நின்றால், பறவைகளோடு பழகியவர்கள் உடனே எழுந்து நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் போகும் வரை அது கூட்டுக்குள் போகாது. போனால் கூடு இருக்கும் இடம் உங்களுக்குத் தெரிந்துவிடுமே. தாயும் தகப்பனும் மாறிமாறி ஒரு மணி நேரத்தில் எத்தனையோ தடவை ஊட்டுகிற காலம் இது. இருபது நிமிடம் அங்கே ஒன்றும் போகவில்லை.

நான் மேஜை மேல் வைத்திருக்கும் உறையில் 36 படங்கள் இருக்கின்றன. ஃபிலிம் ரோல் காலம். கையில் கேமரா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. புழக்கடைப் புதரில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது, உள்ளே மூன்று குஞ்சுகள். வெளிச்சம் போதவில்லை என்று ஒரு கிளையை வளைத்து நூலால் கட்டி வைத்தேன். உடைக்கவில்லை, வெட்டவில்லை, கட்டித்தானே வைத்தேன் என்று எனக்குள் சமாதானம் வேறு. நாலடி தள்ளி உட்கார்ந்தேன். தாய் வந்தது, கிளையில் நின்றது, இந்தப் பக்கம் தாவியது, அந்தப் பக்கம் தாவியது, கத்தியது, போனது, மறுபடி வந்தது. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். ரோல் தீர்ந்ததும் நூலை அவிழ்த்துவிட்டு உள்ளே போனேன். மறுநாள் காலையில் கூடு காலி. எதுவும் கலைந்திருக்கவில்லை, கிண்ணம் மாதிரி அப்படியே இருந்தது, உள்ளேதான் ஒன்றும் இல்லை. முந்தின நாள் முழுவதும் சுவர்மேல் ஒரு காகம் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காகம்தான் எடுத்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பாம்பாகவும் இருக்கலாம், பூனையாகவும் இருக்கலாம்.

ஆனால் நான் இத்தனை வருடம் அந்த உறையை வைத்திருப்பது அதற்காக மட்டும் இல்லை. பத்து நாள் கழித்துப் படங்கள் கழுவி வந்தன. தாய் குஞ்சுகளுக்கு ஊட்டியதை 36 தடவை எடுத்துவிட்டோம் என்ற நினைப்போடு பிரித்தேன். ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பியபோதுதான் பார்த்தேன். முதல் படத்தில் அலகில் ஒரு தும்பி, ஒரு சிறகு ஒடிந்து தொங்குகிறது. பத்தாவது படத்திலும் அதே தும்பி, அதே ஒடிந்த சிறகு. கடைசிப் படத்திலும் அதே. நான் எடுத்தது ஊட்டாமல் போன ஒரே ஒரு வாய் இரையை. அதை 36 தடவை எடுத்திருக்கிறேன். உங்கள் படத்தில் புழுவைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சிறகுதான் தெரிந்தது.

அந்தக் காலத்துக் கலைஞர்கள் என்றீர்கள். உண்மைதான், அவர்கள் கூட்டில்தான் எடுத்தார்கள். ஏன் என்று நினைத்துப் பார்த்தீர்களா? இங்கிலாந்தின் ரிச்சர்ட், செரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892-ல் பறவைக் கூட்டையும் முட்டைகளையும் இருந்த இடத்திலேயே படமாக்கியபோது கையில் இருந்தது கண்ணாடித் தகடு போட்டு எடுக்கும் பெட்டி. தூரத்திலிருந்து எடுக்க வழியில்லை. பறவை கட்டாயம் திரும்பி வரும் இடம் கூடு ஒன்றுதான், அதனால் அங்கே போனார்கள். ஆனால் எப்படிப் போனார்கள்? உள்ளே ஆள் ஒளிந்துகொள்ளும்படி ஒரு மாட்டின் தோலைக் கொண்டு போலி மாடு செய்து, அதற்குள் மறைந்திருந்து எடுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் துணி மறைப்பைத் தூரத்தில் கட்டி, பறவை பழகப் பழக நாளுக்குக் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினார்கள், ஒரு படத்துக்கு ஒரு வாரம். எரிக் ஹோஸ்கிங் 1937-ல் வேல்ஸில் ஓர் ஆந்தைக் கூட்டின் அருகே இருந்த தன் மறைப்புக்கு இருட்டில் திரும்பிப் போனபோது, ஆந்தை பாய்ந்து அவருடைய இடது கண்ணைக் கிழித்துவிட்டது. கண் போய்விட்டது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் பறவைகளைப் படம் எடுத்தார். அவர்களைப் பழிக்க எனக்கு மனம் வராது. ஆனால் கூட்டுக்குப் போக அவர்களுக்கு இருந்த காரணம் உங்களுக்கு இல்லை. நாற்பதடி தள்ளி நின்று எடுக்கும் கருவி உங்கள் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஆறடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு அவர்கள் பெயரைச் சொல்வது நியாயமா? ஒரு நாளாவது மறைப்புக்குள் உட்கார்ந்தீர்களா? நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருக்கிறீர்கள், திறந்த வெளியில்!

இலை விஷயத்துக்கு வருகிறேன். ‘இரண்டு இலைகளை மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தையல்சிட்டு கூடு கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? உயிரோடு கிளையில் இருக்கும் இலையின் ஓரத்தில் அலகால் ஓட்டை போட்டு, சிலந்தி நூலையோ செடி நாரையோ பஞ்சையோ அதன் வழியே இழுக்கும். நாரின் முனை வெளியே பிசிராகப் பரந்து, முடிச்சு போட்ட மாதிரி நழுவாமல் நிற்கும். ஓட்டைகள் அவ்வளவு நுணுக்கமாக இருப்பதால் இலை வாடுவதில்லை. பச்சையாகவே இருக்கும், அதனால்தான் பக்கத்தில் நின்றாலும் கூடு கண்ணில் படாது. கூட்டைச் சுற்றியிருக்கும் மற்ற இலைகள் வேலி, கூரை, குடை எல்லாம். பொரிந்த புதிதில் குஞ்சுகளுக்கு உடம்பில் இறகு கிடையாது, தங்கள் உடல் சூட்டைத் தாங்களே கட்டுப்படுத்தவும் முடியாது. நீங்கள் கிள்ளிய இடத்தின் வழியாக மதிய வெயில் நேரே உள்ளே இறங்கும். மேலிருந்து பார்க்கும் காகத்துக்கும் அதே இடம்தான் ஜன்னல். பத்து கிராம்கூட இல்லாத ஒரு பறவை தன் அலகையே ஊசியாக்கித் தைத்ததை, படத்துக்குக் குறுக்கே நிற்கிறது என்று விரல் நுனியால் கிள்ளி எறிந்திருக்கிறீர்கள்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரிகிறது. நீங்கள் கெட்ட மனதோடு செய்யவில்லை என்றும் தெரிகிறது. ஆறு மாதத்தில் தையல்சிட்டின் கூட்டைக் கண்டுபிடிப்பது எளிதில்லை, பல வருடம் தோட்டத்தில் நடப்பவர்களுக்கே தட்டுப்படாது. உங்களுக்குக் கண் இருக்கிறது. அந்தக் கண்ணை நம்பித்தான் இவ்வளவு எழுதுகிறேன், இல்லாவிட்டால் லென்ஸுக்கு ஒரு வரி பதில் போட்டுவிட்டு விட்டிருப்பேன்.

உங்கள் வீடே ஒரு மறைப்பு என்பது உங்களுக்குத் தோன்றவில்லையா? அறையில் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலை ஒட்டி நிற்காமல் இரண்டு எட்டு உள்ளே தள்ளி நில்லுங்கள். இருட்டுக்குள் இருக்கும் உங்களைப் பறவை பொருட்படுத்தாது. கூடு இருக்கும் பக்கம் வேண்டாம், வேறு ஒரு மூலையில், பூனை பதுங்க முடியாத இடத்தில், இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் இல்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். பக்கத்தில் தாவி ஒதுங்க ஒரு கிளை இருக்கட்டும். ஒரு வாரம் கேமரா இல்லாமல் பாருங்கள், எது எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்து வையுங்கள். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து தண்ணீரை அடித்துக் குளிக்கும். குளித்து முடித்து இறகைச் சிலுப்பிக் கோதிக்கொள்ளும் குருவிக்கு நீங்கள் அங்கே இருப்பதே தெரியாது. அந்தப் படத்தையும் நீங்கள் அனுப்பிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு 300 தாராளம்.

உங்கள் குழுவில் சண்டைக்கு வந்தவரிடம் இந்த வாரமே பேசுங்கள். கூடு இருக்கும் இடத்தை வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம், ஞாயிறு நடைக்கு வருகிறவர்களை வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டவும் வேண்டாம். படத்தையும் இப்போது எங்கும் போடாதீர்கள். இணைப்பில் இருந்ததை நான் இங்கே வெளியிடவில்லை.

குஞ்சு பொரித்த நாள் எது என்று நீங்கள் எழுதவில்லை. பொரித்து ஏறக்குறைய 14 நாளில் அவை கூட்டைவிட்டுக் கிளம்பிவிடும், ஆக இன்னும் சில நாள்தான். அதுவரை அந்தப் பக்கம் போகாதீர்கள். தண்ணீர் ஊற்ற வேண்டிய செடி என்றால் போய் ஊற்றிவிட்டு, நிற்காமல் திரும்பிவிடுங்கள். முக்கியமாக அந்த நாற்காலி. இன்றைக்கே அதை எடுத்து உள்ளே போட்டுவிட்டு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா